காரீய நஞ்சும் கால்நடை வைத்தியமும்



ஆட்டையும் மாட்டையும் வாயில்லாச் சீவன் என்று சொல்வது நம்மவர் வழக்கம். தனக்கு உற்ற நோவை எடுத்துச் சொல்லும் ஆற்றல் அதற்கு இல்லை என்பதே அதன் கருத்து. ஆயினும் ஒரு நோயைப் பொறுத்தவரையில் இச்சொல் முற்றிலும் பொருந்தாது. மனிதர் அறியுமுன்பே தாம் துன்புற்று, தாம் மாண்டு, நிலமும் நீரும் நஞ்சாயின என்று அறிவித்தவை கால்நடைகளே. அந்த அறிவிப்பு நம் செவியில் ஏறுவதற்குத்தான் நெடுங்காலம் சென்றது. காரீய நஞ்சு கால்நடைகளை வருத்திய வரலாற்றையும், அதற்கு மருந்து தேடிய வரலாற்றையும் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் பெயரைத் தெளிவு செய்துகொள்வோம். ஈயம் என்று பொதுவாகச் சொல்லும்போது இரு உலோகங்கள் நம் எண்ணத்தில் வருகின்றன. பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் பூசப்படுவது வெள்ளீயம். துவக்குச் சன்னத்துக்கும், வலையில் கட்டும் குண்டுக்கும், மோட்டார் வண்டிப் பற்றரியின் தகடுகளுக்கும் பயன்படுவது காரீயம். இன்றைய பேச்சு காரீயத்தைப் பற்றியது.

மாலையில் நன்றாகப் பால் குடித்த கன்று ஒன்று மறுநாட் காலையில் தொழுவத்துச் சுவரிலே நெற்றியை அழுத்திக்கொண்டு நிற்கின்றது. கண் விழித்திருந்தும் பார்வை இல்லை. பல்லை நறநறவென்று கடிக்கின்றது. காதும் இமையும் துடிக்கின்றன. வாயில் நுரை தள்ளுகின்றது. சிறிது நேரத்தில் நிலத்தில் விழுந்து வலிப்புக் கொள்கின்றது. வீட்டார் சிலர் விசர் என்பர். சிலர் பாம்பு தீண்டியது என்பர். வேறு சிலர் முனி அடித்தது என்றும் சொல்வர். தொழுவத்தின் பின்புறத்திலே உடைந்து கிடக்கும் பழைய பற்றரியை எவரும் நினைப்பதில்லை. கன்று அதனை நக்கிற்று என்பதற்குச் சாட்சியும் இல்லை. கால்நடைகளில் கடுமையான ஈய நஞ்சு இவ்வாறுதான் பெரும்பாலும் தோன்றுகின்றது.

இந்நோய் மாட்டுக்கு இவ்வளவு எளிதில் வருவதற்குக் காரணம் அதன் உண்ணும் முறை. ஆடு உதட்டாலே தேர்ந்து கொய்யும்; மாடோ நாவினாற் சுருட்டி இழுத்து, மெல்லாமலே விழுங்கிப் பின்னர் அசைபோடும். புல்லோடு ஆணி வந்தாலும் கம்பி வந்தாலும் அது உள்ளே சென்றுவிடும். ஈயச் சேர்வைகள் சிலவற்றுக்கு இனிப்புச் சுவையும் உண்டு. கன்றுகளோ எதனையும் நக்கிப் பார்க்கும் இயல்பின. விழுங்கப்பட்ட ஈயத் துண்டு பாரமானது. ஆதலால் அது தேனடை போன்ற கண்ணறைகளையுடைய இரண்டாம் இரைப்பையிலே சென்று தங்குகின்றது. அங்கே இருந்தபடி நாள்தோறும் சிறிது சிறிதாகக் கரைந்து குருதியிற் கலக்கின்றது. பின்னர் நாம் பேசவிருக்கும் வைத்திய முறைகள் எல்லாவற்றுக்கும் பெரும் இடையூறாய் நின்றது இந்தக் கண்ணறைத் தேக்கமே என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈயம் நஞ்சு என்பது புதிய செய்தி அன்று. கிறிஸ்துவுக்கு முன் 2ஆம் நூற்றாண்டளவில் வாழ்ந்த நிக்கந்தர் என்னும் கிரேக்கப் புலவர், நஞ்சுகளையும் மாற்று மருந்துகளையும் பாடிய தம் நூலிலே, ஈயவெள்ளை உண்டாரின் துன்பத்தைக் கூறியிருக்கின்றார். உரோமாபுரியின் கட்டடக்கலை அறிஞர் விற்றுருவியர், ஈயக் குழாயினும் மண் குழாயே நீருக்கு நன்று என எழுதினார். ஈயம் உருக்குவோரின் உடல் வெளிறிப்போவதை அவர் அதற்குச் சான்றாகக் காட்டினார். கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்பவரோ, வெள்ளிச் சுரங்கங்களிலிருந்து எழும் ஆவி எல்லா விலங்குகளுக்கும் தீயது, நாய்களுக்கு மிகவும் தீயது என்று குறித்துச் சென்றார். வெள்ளியும் ஈயமும் ஒரே தாதிலே கலந்து கிடப்பன. ஆகவே, விலங்குகள் மனிதருக்கு முன்னதாகத் துன்புறுகின்றன என்ற கருத்து ஏறக்குறைய 2,000 ஆண்டுப் பழமையுடையது.

இங்கிலாந்தின் டார்பிசயர் மாகாணம் உரோமர் காலந்தொட்டு ஈயத்துக்குப் பெயர்போனது. அங்கே மலைச்சரிவுகளிலே காற்று நன்கு வீசும் இடம் பார்த்து விறகடுக்கித் தாதை உருக்கினார்கள். அந்தப் புகை படிந்த புல்லை மேய்ந்த மாடுகளும் ஆடுகளும் நோயுற்றன. அவ்வூர் மக்கள் அந்நோய்க்குப் ‘பெல்லண்ட்’ என்று தனிப் பெயரே இட்டிருந்தார்கள். நஞ்சேறிய நிலத்தையும் அச்சொல்லாலேயே குறித்தார்கள். இன்ன வயலில் மாட்டை அவிழ்த்துவிடலாகாது என்பது அங்கே தந்தை மகனுக்குச் சொல்லிவைக்கும் செய்தியாயிருந்தது. நோய்க்கும் நிலத்துக்கும் ஒரே பெயரைச் சூட்டிய அக்குடியானவர்கள் அவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பை உணர்ந்திருந்தார்கள் என்று தோன்றுகின்றது. இரசாயன நூல் கற்றவர்கள் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது மிகப் பிற்காலத்தில்.

வேல்ஸ் நாட்டின் மேற்குப் பகுதியில் துன்பம் புகையாக வரவில்லை, நீராக வந்தது. கார்டிகன்சயர் மலைகளிலே ஈயச் சுரங்கங்கள் பெருகிய 19ஆம் நூற்றாண்டில், தாதைக் கழுவிய சேற்று நீர் இஸ்ற்வித், றைடோல் முதலிய ஆறுகளிலே விடப்பட்டது. மழைக்காலத்தில் ஆறு பெருகிக் கரை கடந்து வயல்களிற் பாய்ந்தது. வெள்ளம் வடிந்தபின் புல்லின்மேற் படிந்திருந்த சாம்பல் நிறமான வண்டலோ வளம் தரும் வண்டல் அன்று. அது காரீயம் கலந்த நுண்மணல். மாடும் குதிரையும் கோழியும் இறந்தன. ஆறுகள் மாசடைவதை ஆராய்வதற்கென அரசு அமைத்த ஆணைக்குழு, சுரங்கத் தொழிலால் விளையும் கேட்டைப் பற்றி 1874ஆம் ஆண்டில் தனி அறிக்கையொன்றை வெளியிட்டது. குடியானவர்களின் முறைப்பாடு அரசாங்க ஏட்டிலே ஏறிற்று. ஆனால் ஏட்டிலே ஏறியது வண்டலை வயலைவிட்டு அகற்றிவிடவில்லை. அதன் விளைவை இப்பேச்சின் இறுதியில் காண்போம்.

இனி வைத்தியத்துக்கு வருவோம். பழைய மிருக வைத்தியர்களின் கையிலிருந்த முதல் ஆயுதம் பேதியுப்பு. மகனீசியம் சல்பேற்று என்பது இதன் இரசாயனப் பெயர். இவ்வுப்பைக் கரைத்துப் புகட்டினால் இரு நன்மைகள் விளையும் என்று அவர்கள் எண்ணினார்கள். வயிற்றைக் கழித்து நஞ்சை வெளியேற்றுவது ஒன்று. வயிற்றில் கரைந்திருக்கும் ஈயத்தை, எளிதிற் கரையாத ஈயச் சல்பேற்றாக மாற்றி, குருதியில் ஏறாதபடி தடுப்பது மற்றொன்று. கந்தக அமிலத்தை மிகவும் நீர்த்த பானமாக்கிக் கொடுப்பதும் அக்காலத்தில் வழக்கமாயிருந்தது. ஈயத் தொழிலாளருக்கும் அதே பானம் கொடுக்கப்பட்டது. இந்த முறை அறிவுக்குப் பொருந்தியதே. இன்றும் பேதியுப்பைக் கைவிட்டாரில்லை. ஆனால் அது வயிற்றில் நிற்கும் ஈயத்தையே தடுக்கவல்லது. குருதியிற் கலந்து மூளையை எட்டிவிட்ட ஈயத்தின்மீது அதற்கு அதிகாரம் இல்லை.

இரண்டாம் ஆயுதம் பொற்றாசியம் அயடைட்டு. பெல்சிய நாட்டு இரசாயன அறிஞர் மெல்சென்ஸ் என்பவர் 1849ஆம் ஆண்டில், இரசமும் ஈயமும் உடலிலே தேங்கியவர்களுக்கு இம்மருந்தைக் கொடுத்து நஞ்சை வெளியேற்றலாம் என்று எடுத்துரைத்தார். தேங்கிய உலோகத்தை உடலிலிருந்து மருந்தினால் கிளப்பி வெளியேற்றலாம் என்ற எண்ணம் அப்போதுதான் வைத்திய உலகில் வேரூன்றத் தொடங்கியது. எண்ணம் சிறந்தது, மருந்தோ போதாது. எலும்பிலே உறங்கிய ஈயத்தைக் கிளப்பிக் குருதியில் விட்டுவிட்டு அதனை வெளியேற்ற மாட்டாமற்போனால், நோய் தணிவதற்குப் பதிலாக மூண்டெழும். உறங்கும் பாம்பை எழுப்பிவிட்டுக் கோலைத் தேடியோடும் செயல் போன்றது அது.

இந்த வரலாற்றிலே நம் கவனத்துக்கு மிகவும் உரிய அத்தியாயம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நிகழ்ந்தது. சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் வடகரையை அடுத்துக் கார்க்கினெஸ் என்னும் நீரிணை உண்டு. அதன் ஒரு கரையிலே செல்பி என்னும் இடத்தில் ஈயம் உருக்கும் பேராலை ஒன்று நின்றது. எதிர்க்கரை சொலானோ மாவட்டம். அங்கே புல்வெளிகளும் குதிரைப் பண்ணைகளும் இருந்தன. ஆலையின் புகை காற்றோடு நீரிணையைக் கடந்து எதிர்க்கரைப் புல்லிலே படிந்தது.

அங்கே மேய்ந்த குதிரைகளுக்கு வந்த நோய் விசித்திரமானது. நிற்கும்போது குதிரை நன்றாகவே இருப்பதுபோலத் தோன்றும். ஓடத் தொடங்கியதும் தொண்டையிலிருந்து இரைச்சல் எழும், மூச்சு முட்டும், சில வேளை அவ்விடத்திலேயே விழும். குரல்வளையை இயக்கும் நரம்பு ஈயத்தாற் செயலிழந்து, மூச்சு வழி குறுகிப்போவதே இதற்குக் காரணம். விழுங்கும் தீனி மூச்சுக்குழலுட் புகுந்து நுரையீரல் அழுகி மாண்ட குதிரைகளும் உண்டு. ஊரார் இவற்றைப் ‘புகையடித்த குதிரைகள்’ என்றே அழைத்தார்கள்.

வழக்கு நீதிமன்றம் ஏறிற்று. மாநில உயர்நீதிமன்றம் 1912ஆம் ஆண்டில் இவ்வழக்கில் தீர்ப்பளித்தது. அதன் பின்னரும் பிணக்குத் தீரவில்லை. எந்தப் புகை, எவ்வளவு புகை, எக்காலத்தில், எந்த நிலத்தைக் கெடுக்கின்றது என்பதை ஆராயும் பொறுப்பு அறிஞர் குழு ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்கச் சுரங்கப் பணியகத்தின் தலைவர் ஹோம்ஸ் என்பாரும், பிராங்கிளின், கூல்ட் என்னும் இருவரும் அக்குழுவின் உறுப்பினர். கால்நடைகளைப் பற்றிய ஆய்வைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரிங், மேயர் ஆகியோர் மேற்கொண்டனர். அவர்களின் முடிவுகளும் சேர்ந்த அறிக்கை 1915ஆம் ஆண்டில் வெளிவந்தது. குதிரைகளின் நோய் புல்லோடு உட்கொண்ட ஈயத்தால் விளைந்த நாட்பட்ட நஞ்சு என்பது அதிலே தெளிவாயிற்று.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் விடுதல் கூடாது. அதே ஆலையிலேதான் பேர்க்லியைச் சேர்ந்த பேராசிரியர் கொற்றெல் என்பவர், 1907ஆம் ஆண்டை ஒட்டி, மின்சாரத்தின் துணையால் புகையிலுள்ள துகள்களைப் பிடித்து நிறுத்தும் கருவியை அமைத்துக் காட்டினார். இன்று உலகெங்கும் ஆலைப் புகைபோக்கிகளிலே பொருத்தப்படும் கருவிக்கு மூலம் அது. நோய் பிறந்த இடத்திலேயே நோயைத் தடுக்கும் வழியும் பிறந்தது. ஆயினும் கருவி பிறப்பது வேறு. அதனை முழுமையாகக் கையாண்டு நிலத்தைக் காப்பது வேறு.

அக்காலத்துக் குதிரைகளுக்கு என்ன வைத்தியம் செய்தார்கள்? உண்மையில் வைத்தியம் என்று சொல்லத்தக்கது எதுவும் அவர்களிடம் இருக்கவில்லை. மேய்ச்சலை மாற்றலாம், அல்லது குதிரையை இழக்கலாம். இந்த நிலை மேலும் ஏறக்குறைய 40 ஆண்டுகள் நீடித்தது.

அந்த இடைக்காலத்தில் எவ்வளவு ஈயம் உட்சென்றால் உயிருக்கு ஆபத்து என்பதை அளந்து அறியும் முயற்சிகள் நடந்தன. இங்கிலாந்தில் அல்குறொவ்ற் அம்மையாரும் பிளாக்ஸ்ரர் என்பாரும் ஆடுமாடுகளில் இதனை ஆராய்ந்து 1950ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். ஒரே முறையில் உட்கொள்ளும்போது, வளர்ந்த மாட்டுக்கு உடல் நிறையில் கிலோ ஒன்றுக்கு 600 முதல் 800 மில்லிகிராம் வரையிலான ஈயமும், கன்றுக்கு 400 மில்லிகிராமளவு ஈயமும் உயிர்க்கேடு விளைக்கவல்லன என்று அவர்கள் கண்டனர். இதனை நாம் விளங்கும் அளவாக மாற்றிப் பார்ப்போம். 50 கிலோ நிறையுள்ள கன்றுக்கு ஈயச் சேர்வை வடிவிலே 20 கிராம் ஈயம் போதும். மோட்டார் வண்டிப் பற்றரி ஒன்றினுள்ளேயோ பல கிலோ ஈயம் இருக்கின்றது. பால் குடிக்கும் கன்றின் குடலில் ஈயம் மிக எளிதாக உறிஞ்சப்படும் என்பதும் பின்னர் உறுதிப்பட்டது. நஞ்சுக்குப் பால் நல்லது என்று எண்ணும் நம்மவர் கருத்து, ஈயத்தைப் பொறுத்தவரையில் பொருந்தாது என்று அறிக.

நேயர்களே, உண்மையான மாற்று மருந்து எங்கிருந்து வந்தது தெரியுமா? அதன் ஒரு வேர் போர்க்களத்திலும் மற்றொரு வேர் சாயத் தொழிற்சாலையிலும் இருந்தது.

இரண்டாம் உலக மகாயுத்த காலத்தில், ஆசனிக்கு கலந்த நச்சு வாயுவைப் பகைவர் பயன்படுத்துவர் என்று பிரித்தானியா அஞ்சியது. ஒக்ஸ்போர்ட்டில் பீற்றர்ஸ் என்னும் அறிஞரும் அவருடைய துணைவர்களான ஸ்ரொக்கன், தொம்சன் ஆகியோரும் அதற்கு மாற்றுத் தேடினார்கள். உடலிலுள்ள கந்தகக் கூறுகளை ஆசனிக்கு பற்றிக்கொள்வதே கேட்டுக்குக் காரணம் என்று அறிந்து, அதனினும் வலுவாக ஆசனிக்கைப் பற்றும் கந்தகச் சேர்வை ஒன்றை அமைத்தார்கள். 1945ஆம் ஆண்டில் அது வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. உலோக நஞ்சைப் பற்றிப் பிடித்து வெளியேற்றும் மருந்தை அறிவுகொண்டு அமைத்தல் கூடும் என்பதற்கு அது நல்ல சான்றாயிற்று. ஆனால் மாட்டின் ஈய நோய்க்கு அது போதிய துணையாகவில்லை.

மற்ற வேரைப் பார்ப்போம். ஜேர்மனியில் முன்ஸ் என்னும் இரசாயனர் 1935ஆம் ஆண்டளவில், சாயத் தொழிலுக்கு இடையூறு செய்யும் கல்சியத்தை நீரிலிருந்து பிடித்து ஒதுக்குவதற்காக ஒரு பொருளை ஆக்கினார். அதன் நீண்ட பெயரைச் சுருக்கி ஈ.டி.டி.ஏ. என்பர். உலோக அணு ஒன்றைப் பல கரங்களால் ஒருசேரப் பற்றுவது அதன் இயல்பு. இத்தகைய பிணைப்புக்கு மேனாட்டார் 1920ஆம் ஆண்டிலே இட்ட பெயர், நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நெய்தல் நிலத்து மக்களாகிய நமக்கு இந்த உவமை எளிதில் விளங்கும். நண்டு கொடுக்காற் பற்றியதைத் தானாக விடுவதில்லை அல்லவா?

இப்பொருளை அப்படியே குருதியிற் செலுத்தினால் ஆபத்து உண்டு. ஈயத்தைத் தேடிச் செல்லுமுன் அது குருதியிலுள்ள கல்சியத்தைப் பற்றிக்கொள்ளும். கல்சியம் குன்றினால் தசைகள் இறுகி இதயமும் நிற்கக்கூடும். ஆகவே அதன் கொடுக்கிலே முன்னதாகவே கல்சியத்தை வைத்துச் செலுத்தினார்கள். ஈயம் எதிர்ப்பட்டதும் கொடுக்கு கல்சியத்தை விட்டு ஈயத்தைப் பற்றும். ஏனெனில் ஈயத்தின்மீது அதற்குப் பற்று மிகுதி. பற்றிய ஈயத்தோடு அது சிறுநீரின் வழியே வெளியேறும். 1950களின் தொடக்கத்தில் ஈயம் தாக்கிய தொழிலாளருக்கும் குழந்தைகளுக்கும் இம்மருந்து கொடுக்கப்பட்டு நற்பயன் கண்டது.

1953ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து மிருக வைத்தியர்களான ஹோம், வீற், றோட் முதலியோர் நாட்பட்ட ஈய நஞ்சால் வருந்திய குதிரைகளுக்கு இம்மருந்தைச் செலுத்திய செய்தியை வெளியிட்டார்கள். 1957ஆம் ஆண்டில் ஹமொன்ட், சோரென்சன் என்போர் மாடுகளில் நோயின் போக்கையும் இச்சிகிச்சையையும் பற்றி எழுதினர். கண் தெரியாது சுவரை முட்டிய மாடு மீண்டும் பார்வை பெற்று எழுந்து தீனி தின்னக் கூடும் என்பது வைத்திய உலகின் புதிய நம்பிக்கையாயிற்று. இன்றைய வைத்திய நூல்கள் நாளொன்றுக்கு உடல் நிறையில் கிலோ ஒன்றுக்கு 73 முதல் 110 மில்லிகிராம் வரை, பங்கிட்டு, சில நாட்களுக்குச் செலுத்தி, இடையில் ஓய்வு கொடுத்து மீண்டும் தொடங்குமாறு கூறுகின்றன. இடையில் ஓய்வு எதற்கு என்றால், ஈயத்தைச் சுமந்து வெளியேறும் வழி சிறுநீரகம். அதனை இடைவிடாது வருத்தினால் அது கெடும். அன்றியும் மருந்து குருதியைத் தூய்மையாக்கிய பின்னர், எலும்பிலே சேமிப்பாயிருந்த ஈயம் மெல்லக் கசிந்து மீண்டும் குருதியை நிரப்பும். ஆகையால் ஒரு முறை செய்யும் சிகிச்சை பெரும்பாலும் போதாது. மிருக வைத்தியரே அளவறிந்து செய்யவேண்டிய செயல் இது. பிறர் கை வைத்தல் தகாது.

இதன் பின்னும் ஒரு முன்னேற்றம் நேர்ந்தது. ஈயம் தாக்கிய மூளையின் நிலை, தயமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்துக் குன்றிய மாட்டின் மூளை நிலையை ஒத்திருப்பதை அறிஞர் கவனித்திருந்தனர். அமெரிக்காவின் ரெக்சஸ் மாநிலத்தில் பிராற்றன் என்பவரும் அவருடைய குழுவினரும் கன்றுகளுக்குத் தயமின் கொடுத்து ஆராய்ந்து, அதனால் நோய்க்குறிகள் தணிவதையும் உறுப்புக்களில் ஈயம் படிவது குறைவதையும் 1981ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினர். விலை குறைந்த, எங்கும் கிடைக்கக்கூடிய ஓர் உயிர்ச்சத்து, விலையுயர்ந்த மருந்துக்குத் துணையாய் நிற்கும் என்பது ஏழைக் குடியானவருக்கு நல்ல செய்தி. இன்று பேதியுப்பு, தயமின், கல்சியம் சேர்ந்த ஈ.டி.டி.ஏ. ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. முதலாவது வயிற்றைக் காக்கும். இரண்டாவது மூளைக்குத் துணை செய்யும். மூன்றாவது குருதியிலிருந்து நஞ்சை அகற்றும்.

அப்படியாயின் நோய் வெல்லப்பட்டுவிட்டதா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை என்றே விடை கூறவேண்டும். முன்னே சொன்ன தேனடைக் கண்ணறைகளை நினைவுகூருங்கள். இரைப்பையைக் கீறித் திறந்து ஈயத் துண்டுகளைப் பொறுக்கியெடுக்கும் சத்திரசிகிச்சையும் உண்டு. ஆனால் மணல்போல் நுணுகிய துகள்கள் கண்ணறைகளிலே ஒளிந்துகொள்ளும். வைத்தியரின் கைக்கு அவை முழுதும் அகப்படா. உள்ளே ஊற்று இருக்கும்வரை வெளியே இறைப்பதால் கிணறு வற்றுமா? மேலும், வலிப்புக் கண்ட கன்று சில மணி நேரத்திலேயே இறந்துவிடுவதால், மருந்து வந்து சேருமுன் காலம் கடந்துவிடுவதே பெரும்பான்மை. பிழைத்தெழுந்த மாட்டின் பாலிலும் இறைச்சியிலும் ஈயம் நெடுநாள் தங்கக்கூடும். குருதியில் ஈயம் குறைய மாதக்கணக்கில் ஆவதும் உண்டு. மாடு பிழைத்தது என்று மகிழ்ந்து அதன் பாலைக் குழந்தைக்குக் கொடுப்போமாயின், நஞ்சை மாட்டிலிருந்து எடுத்து மகவுக்கு ஊட்டியவராவோம். குருதியைச் சோதித்துப் பார்த்த பின்பே அதனைப் பயன்படுத்தல் வேண்டும்.

கலிபோர்னியக் கரைக்கு மறுபடியும் செல்வோம். 1915ஆம் ஆண்டு அறிக்கை நோயின் காரணத்தைச் சொல்லிற்று. 1953ஆம் ஆண்டு ஆய்வு மருந்தைத் தந்தது. இவ்விரண்டும் கையிலிருந்தும், சொலானோ மாவட்டத்தின் தென்பகுதியிலே குதிரைகள் மீண்டும் மாண்டன. அம்மரணங்களுக்கும் ஈயத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த கூட்டறிக்கை ஒன்று 1972ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆலை 1970ஆம் ஆண்டளவிலேதான் மூடப்பட்டது. காரணம் தெரிந்தபின் 50 ஆண்டுகளுக்கு மேலாகவும், மருந்து தெரிந்தபின் ஏறக்குறைய 20 ஆண்டுகளாகவும் குதிரைகள் அதே கரையிலே மேய்ந்தன என்பதை எண்ணிப் பாருங்கள். நோயுற்ற குதிரைக்கு மருந்தேற்றி அதே புல்லிலே மீண்டும் விடுவதற்கு வைத்தியம் என்று பெயரிடலாமா?

வேல்ஸ் நாட்டு வண்டலைப் பற்றி முன்னர்க் குறிப்பிட்டேன். அச்சுரங்கங்கள் மூடப்பட்டு நெடுங்காலமாகிய பின், 2012ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அப்பகுதியில் பெருவெள்ளம் வந்தது. வெள்ளம் பாய்ந்த வயலிலே அறுத்துப் பதப்படுத்திய புல்லைத் தின்ற மாடுகள் ஈய நஞ்சுக்கு ஆளாயின. பாட்டன் காலத்துச் சுரங்கம் பேரன் காலத்து மாட்டைக் கொன்றது. ஈயம் மட்குவதில்லை, எரிந்து ஒழிவதில்லை, முதுமையடைந்து வலியிழப்பதும் இல்லை.

தீவனத்தின் வழியாகவும் இந்நஞ்சு கடல் கடக்கும். 1989ஆம் ஆண்டின் இறுதியில், பர்மாவிலிருந்து வந்த அரிசித் தவிட்டிலே ஈயம் கலந்திருந்தது அறியாது, அது நெதர்லாந்திலும் இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியிலும் மாட்டுத் தீவனத்திற் சேர்க்கப்பட்டது. மாடுகள் இறந்தன, நூற்றுக்கணக்கான பண்ணைகளின் பாலும் இறைச்சியும் தடுத்து வைக்கப்பட்டன. மேற்கு அவுஸ்திரேலியாவின் எஸ்பெறன்ஸ் என்னும் துறைமுகப் பட்டினத்திலோ, 2006ஆம் ஆண்டு இறுதியிலிருந்து பறவைகள் ஆயிரக்கணக்கில் வானிலிருந்து உதிர்ந்து மாண்டன. துறைமுகத்திற் கையாளப்பட்ட ஈயக் காபனேற்றுத் தூளே காரணம் என்பது 2007ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதன் பின்னரே அவ்வூர்க் குழந்தைகளின் குருதியைச் சோதித்தனர். சிலரின் குருதியில் ஈயம் மிகுந்திருந்தது. அங்கும் வாயில்லாச் சீவன்களே முதலில் பேசின.

நல்ல செய்திகளும் இல்லாமலில்லை. வீட்டின் உட்புறப் பூச்சுக்கு ஈயவெள்ளையைப் பயன்படுத்துவதைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கை 1921ஆம் ஆண்டில் ஜெனீவாவில் உருவாயிற்று. மோட்டார் வண்டிகளுக்கு ஈயம் கலந்த பெற்றோல் விற்பது 2021ஆம் ஆண்டோடு உலகெங்கும் நின்றது. எஞ்சி நிற்பவற்றுள் கால்நடைக்குப் பெரும் பகை பழைய பற்றரியே. அது ஆலை முதலாளியின் புகைபோக்கியிலிருந்து வருவதன்று. நம் கையாலேயே வேலியோரத்தில் எறியப்படுவது. ஆதலால் அதனைத் தடுப்பதும் நம் கையிலேயே உண்டு.

எனவே கால்நடை வளர்க்கும் நேயர்களுக்கு ஒன்றிரண்டு சொற்கள் கூறுதல் பொருந்தும். பழைய பற்றரியைத் தொழுவத்தின் அண்மையிலோ மேய்ச்சல் நிலத்திலோ போடாதீர்கள். பற்றரியை உடைத்து ஈயம் உருக்கிய இடத்திலே மாட்டைக் கட்டாதீர்கள். அங்கே முளைக்கும் புல்லையும் அறுக்காதீர்கள். வாகனத்திலிருந்து வடித்த பழைய எண்ணெயையும், பழைய நிறப்பூச்சுச் சுரண்டிய தூளையும் மாட்டின் நா எட்டாத இடத்தில் அகற்றுங்கள். கன்று திடீரெனக் குருடாகிச் சுவரை முட்டுமாயின் அதன் வாயிலே கையை வைக்காதீர்கள். விசர் நோயும் அவ்வாறே தோன்றக்கூடும். உடனே மிருக வைத்தியரை அழையுங்கள். அவர் வந்ததும், அது எதனை நக்கியிருக்கக்கூடும் என்பதை அவருக்குச் சொல்லுங்கள். அந்த ஒரு சொல் வைத்தியத்திற் பாதி. மற்றக் கால்நடைகளை அவ்விடத்திலிருந்து அகற்றுவது மீதிப் பாதி.

பேதியுப்பிலிருந்து நண்டுக் கொடுக்கு மருந்து வரையில் மனித அறிவு கடந்துவந்த பாதை பெருமைக்குரியது. ஆயினும் டார்பிசயர்க் குடியானவர் நோய்க்கும் நிலத்துக்கும் ஒரே பெயரை இட்டார்களே, அந்த அறிவை எந்த மருந்தும் கடந்துவிடவில்லை. நிலம் நோயுற்றிருக்க மாட்டை மட்டும் குணமாக்க முயல்வது வீண். நாளைக் காலையில் பட்டிக்குச் செல்லும்போது வேலியோரத்தையும் ஒரு முறை பார்த்து வாருங்கள்.